கண்காரி செவனம்மா

நெல்லிமேட்டுச் செவனம்மா தூரக்கண்ணாடி வாங்க மதுரைக்குப் போன அன்று எதிர்மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. அதற்கு முன்னால், அவள் மாமனார் காலத்திலும் அவரைப் பெற்றவர் காலத்திலும் அது அங்கேதான் இருந்தது. நடுவில் பன்றிக்கிடங்கு என்கிற பெரும் பள்ளம், பள்ளத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு மட்டும் கேட்கிற ஓர் ஓடை, அந்தப் பக்கம் நீலமாக ஒரு மலை, அதன் இடுப்பில் சீப்பில் ஒட்டிய பேன் மாதிரி கொஞ்சம் வீடுகள். அங்கே இருக்கிறவர்கள் நெல்லிமேட்டை எதிர்மலை என்பார்கள், இங்கே இருக்கிறவர்கள் அதை எதிர்மலை என்பார்கள், ஆக யார் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் ஒருவருக்கொருவர் எதிராளிதான்.

செவனம்மாளின் புருசன் மொக்கராசு எதிர்மலையில் ஒருவனைச் சுட வேண்டியிருந்தது. அதை ஊரில் யாரும் மூடி மறைத்துப் பேசவில்லை. மொக்கராசு எப்போது சுடுவான் என்று டீக்கடையில் கேட்பார்கள், மிளகு பறிப்பு முடியட்டும் என்று யாராவது பதில் சொல்வார்கள், அத்தோடு பேச்சு மழைக்குப் போய்விடும்.

இரண்டு மலையிலும் வேட்டைக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் கண், ஒருவர் கை. கண்காரர் பார்ப்பார், இன்னது என்று தெளிவார், 'போடு' என்பார். கைக்காரர் விசையை இழுப்பார். கண்காரர் 'விடு' என்றால் எவ்வளவு கொழுத்த பன்றி மறித்து நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். விழுந்ததன் தலையும் ஈரலும் கண்காரருக்கு. விழுந்தது சினைப்பன்றி என்றால் அந்தப் பாவமும் கண்காரர் வீட்டு வாசலுக்குத்தான் போகும். கை என்னத்தைக் கண்டது, சொன்னதைச் செய்தது என்று கைக்காரர் தலைக்குக் குளித்துவிட்டுச் சோற்றில் உட்கார்ந்துவிடுவார். கண்ணும் கையும் ஒரே ஆளாக இருந்தால் அது வேட்டை இல்லை, கொலை. பள்ளத்தைத் தாண்டி இரண்டு ஊரும் ஒத்துப்போன பேச்சு அது ஒன்றுதான்.

செவனம்மாளின் ஒரே மகன் கொடியரசு, சில வருசத்துக்கு முன்னால் பனி மூடிய ஒரு காலையில், கருங்கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாழைக்குக் கீழே குனிந்து கன்று அறுத்துக்கொண்டிருந்தான். எதிர்மலைத் தவசி எஸ்டேட்டுத் துப்பாக்கியால் சுட்ட குண்டு பள்ளத்தைக் கடந்து வந்து, அவன் விலாவில் சின்னதாக நுழைந்து மறுபக்கத்தில் பெரிதாக வாய் திறந்து வெளியேறி, பின்னால் நின்ற வாழையையும் துளைத்தது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. செவனம்மா ஓடிப்போய் மகனை மடியில் அள்ளியபோது அவன் ரத்தமும் வாழையின் நீரும் ஒரே குழியில் கலந்து கிடந்தன, அதில் எது எதுவென்று பிரித்துப் பார்க்க முடியாமல் அவள் இரண்டையும் சேர்த்து முகத்தில் பூசிக்கொண்டு கத்தினாள்.

பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்று தவசி கோர்ட்டில் சொன்னான், உள்ளே போனான், திரும்பியும் வந்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கேட்டபோது, நான் கை, அவ்வளவுதான் என்றான். அப்படியானால் கண் யாரப்பா என்று கேட்டதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அடித்தும் பார்த்தார்கள், கடைவாயில் இரண்டு பல் போனது, பெயர் மட்டும் வரவில்லை. கண்ணைச் சொல்லாதவன் கண்ணையும் சேர்த்துச் சுமக்கிறான் என்று தீர்த்துவைத்துவிட்டு எழுந்துபோனார்கள்.

"அவய்ங்க சரியாப் பாக்காமச் சுட்டாய்ங்க," என்றான் மொக்கராசு. "நான் சரியாப் பாத்துட்டுச் சுடுவேன். மூஞ்சியப் பாக்கணும், இவன்தான்னு தெளியணும், அப்புறந்தான் விசையில விரல வப்பேன்."

"கண்ணு நான்," என்றாள் செவனம்மா. "பெத்தவ இருக்கையில ஊரான் எதுக்கு?"

பொம்பளை கண்ணாக இருந்ததாக அந்த மலைகளில் பேச்சில்லை. ஆனால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பள்ளத்தைத் தாண்டுகிற நீளத் துப்பாக்கி ஒன்றைப் பழைய எஸ்டேட் காவல்காரரிடம் வாங்கியதிலேயே மாடுகள் போய்விட்டன. அவ்வளவு தூரத்தில் மனிதன் தெரிவான், ஆனால் எந்த மனிதன் என்று தெரியாது. அதனால்தான் தூரக்கண்ணாடி. மிச்சம் இருந்ததை முந்தியில் முடிந்துகொண்டு இரண்டு பேரும் மதுரையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் சிக்கந்தர் பாயின் பழைய சாமான் கடைக்குப் போனார்கள்.

"பறவை பாக்கவாக்கா?" என்றார் பாய்.

"பன்னி பாக்க," என்றான் மொக்கராசு.

பாய் பளபளப்பான குழாய் ஒன்றை முக்காலியில் மாட்டி, அறுபது மடங்கு, நிலாவில் குழி தெரியும் என்றார். செவனம்மா கண்ணை வைத்தாள். சந்துக்கோடி பெரிதாகத்தான் வந்தது, ஆனால் கொதிக்கிற உலைக்குள் பார்த்த மாதிரி எல்லாம் நெளிந்தது.

"எல்லாம் பெருசாத்தான் இருக்கு பாய். ஒண்ணும் தெரியலையே."

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "அக்காவுக்கு விவரம் இருக்கு. மடங்கைப் பாத்து வாங்குறவன்தான் ஏமாறுவான். மடங்கு கூடக் கூட நடுக்கமும் கூடும், கானலும் கூடும், வெளிச்சம் செத்துப்போகும். இருபது மடங்கு, இருபத்தஞ்சு மடங்குல தெளிவாத் தெரிஞ்சா அதுவே போதும். முன்கண்ணாடி நல்லா அகலமா இருக்கணும், பொழுது விடியுற நேரத்துல அதுதான் வெளிச்சத்தைக் குடிக்கும். ஈரம் உள்ள போகாம அடைச்சிருக்கணும், மலையில பனியில்லையா? எல்லாத்துக்கும் மேல ஸ்டாண்டு. குழாய்ல காசக் கொறைங்க, ஸ்டாண்டுல கொறைக்காதீங்க."

"நல்லதாவும் வேணும், வெல கொறச்சலாவும் வேணும்."

"ரெண்டும் சேந்தாப்புல ஒண்ணே ஒண்ணு கிடக்கு," என்று பாய் பலகைக்குக் கீழே கையை விட்டு, பெயர் தேய்ந்து பாசி நிறத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு குழாயை எடுத்தார். அதில் சந்துக்கோடிப் புரோட்டாக் கடை மாஸ்டரின் புருவத்தில் நின்ற வேர்வையும், அவர் மணிக்கட்டில் இருந்த பழைய தீக்காயமும், அந்தக் காயத்தில் முடி முளைக்காத இடமும் தெரிந்தன. செவனம்மா வெகுநேரம் பார்த்தாள். இது போதும் என்று கண்ணை எடுத்தபோது புரோட்டாக் கடை சந்துக்கோடியில் இல்லை, நாலு கடை தள்ளி இருந்தது.

"வரும்போது இம்புட்டுக் கிட்டவா இருந்துச்சு?" என்றான் மொக்கராசு. கிட்டே இருக்கிறதே என்று அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் களத்துமேட்டில் முக்காலியை ஊன்றி, கால்களுக்குக் கல் அண்டை கொடுத்து, செவனம்மா குழாயைத் தவசி வீட்டுக்குத் திருப்பினாள். மொக்கராசு பக்கத்தில் குப்புறப் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் அணைத்திருந்தான்.

"தெளிஞ்சுதா?"

"இன்னும் தெளியல."

அன்றைக்கு அது நிஜம், பனி விலகவில்லை. அடுத்த நாள் தெளிந்தது. தவசி வாசலில் நின்று வேப்பங்குச்சியால் பல் தேய்த்தான், பல் போன இடத்தில் குச்சி வழுக்கியதுகூடத் தெரிந்தது. மகனைக் கொன்றவன் பல் தேய்க்கிறான். 'போடு' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது வீட்டுக்குள்ளிருந்து தாவணி போட்ட ஒரு பெண், கண்ணைச் சுற்றிக் கறுப்புத்துணி கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்து அப்பனுக்குச் செம்பில் தண்ணீர் நீட்டினாள். தவசிக்குப் பெண்டாட்டி செத்துப் பல காலம், நாச்சியா என்று ஒரே மகள், அது தெரியும். கண் தெரியாது என்பது தெரியாது.

"தெளிஞ்சுதா?"

"இன்னும் தெளியல," என்றாள் செவனம்மா. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், குருட்டுப் பிள்ளை எதிரே வேண்டாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அவள் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள்.

மலை நகர்வதை முதலில் கண்டுபிடித்தது டீக்கடை வைரவன். எதிர்மலையில் விறகு வெட்டினால் முன்பெல்லாம் கோடாலி இறங்கிக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும், இப்போது கோடாலியும் சத்தமும் சேர்ந்தே இறங்குகிறதே என்றான். வந்து பார்த்தார்கள், ஆமாம் என்றார்கள். செவனம்மா கண்ணாடியில் பார்க்கிற நேரமெல்லாம் மலை வருகிறது, கண்ணை எடுத்தால் நின்றுவிடுகிறது. கண் சிமிட்டுகிற நேரம் பார்த்தால் ஒரு சாண், வெற்றிலை போடுகிற நேரம் பார்த்தால் ஒரு வயல் அகலம். சின்னக் குழாயாக இருந்தாலும் நல்ல இழுவை என்று வைரவன் மெச்சிக்கொண்டான்.

கிழக்கே இருந்த மலை கிட்டே வந்ததால் சூரியன் ஏறி வர நேரமானது. பள்ளிக்கூடத்தில் மணியைத் தள்ளி அடித்தார்கள். சேவல்கள் பழைய நேரத்துக்கே கூவிவிட்டு இருட்டில் அசடு வழிய நின்றன. சர்வேயர் ஒருவர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்து, வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது, மலைதான் பிசகு என்று சொல்லிவிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். எதிர்மலையில் தார்ரோடு உண்டு, பஸ் உண்டு, ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்துதான் போக வேண்டும்; அதனால் பெண்கள் காலையில் காப்பியோடு செவனம்மாளைத் தேடி வந்தார்கள்.

"மதினி, மருமக மாசமா இருக்கா. வலி எடுக்கிறதுக்குள்ள பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் இழுத்து விட்ருங்க, புண்ணியமாப் போகும்."

பள்ளத்துச் சரிவில் மிளகு போட்டவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். "எங் கொடியெல்லாம் நசுங்குது செவனம்மா. கண்ண எடுக்கிறியா, இல்ல நோண்டி எடுக்கட்டுமா?" என்றான் ஒருவன். மாசமாயிருந்த பெண்ணின் மாமியார் அவன் மேல் கொதிக்கிற காப்பியை ஊற்றினாள், அவன் தம்பி அவளைக் கல்லால் அடித்தான், அன்றைக்குக் களத்துமேட்டில் மூன்று மண்டைகள் உடைந்தன. செவனம்மா காதில் எதையும் வாங்காமல் குழாயில் கண்ணை வைத்திருந்தாள்.

அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், யாரும் இல்லை என்று நினைத்த இடத்தில், நாச்சியா துணியை அவிழ்த்தாள். நல்ல கண்கள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள், மரத்தில் ஓடிய அணிலைப் பார்த்தாள், அப்புறம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் திரும்பி, செவனம்மாளின் வாழைத்தோட்டத்தில் குறிப்பாக ஒரே இடத்தைப் பார்த்தாள். பார்த்ததும் உதடு கோண, அவசரமாகத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

செவனம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெண்டாட்டி இல்லாத தவசி அன்றைக்கு வேட்டைக்குத் துணையாகக் கூட்டிப்போன கண் யார் என்பதும், பல் உதிர அடித்தும் அவன் யார் பெயரை வாய்க்குள் வைத்திருந்தான் என்பதும் புரிந்தது. மகனைக் கொன்ற கண் இதுதான் என்று கண்ணாடியை நொறுக்கிவிடத் தோன்றியது. அந்தக் கண் அன்றைக்குப் பாவாடை கட்டிய சிறுமியின் கண் என்றும் தோன்றியது.

"தெளிஞ்சுதா?" என்றான் மொக்கராசு.

"இன்னும் தெளியல."

இதில் இருந்த கொடுமை அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாவைத் தள்ளிப்போட அவள் ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்க்காக இன்னொரு தரம் பார்க்க வேண்டும், பார்த்தால் மலை வரும். தள்ளிப்போடத் தள்ளிப்போடச் சாவு கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் தவசி வாசலில் நின்று நேராகக் கண்ணாடியையே பார்த்தான், சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மார்பைத் திறந்து காட்டிக்கொண்டு, அவள் கண்ணை எடுக்கிறவரை அசையாமல் நின்றான். அப்போதும் அவள் தெளியவில்லை என்றுதான் சொன்னாள்.

பள்ளம் குறுகியது. குறுகினால் பள்ளத்துக்குள் இருந்தவை எங்கே போகும்? ஊரில் ஒரு ஆளுக்கும் அந்த யோசனை வரவில்லை. பஸ்ஸைப் பற்றி யோசித்தார்கள், பட்டாவைப் பற்றி யோசித்தார்கள், எதிர்மலைக் கோழி இந்தப் பக்கம் பறந்து வந்து இட்ட முட்டை யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். பன்றிக்கிடங்கு என்று தாங்களே பெயர் வைத்த பள்ளத்தில் பன்றிகள் இருக்கும் என்பது, ஒரு காலையில் அவை மேலே ஏறி வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

முதலில் மரங்கள் முறிகிற சத்தம். அப்புறம் ஓடை இருக்க இடமில்லாமல் செம்மண்ணாகப் பொங்கி ஏறியது, அதற்கு முன்னால் பன்றிகள் ஏறின, கிழட்டு ஆண்கள், குட்டி சூழ்ந்த தாய்கள், வயிறு தரையில் உரசுகிற சினைகள், ஒன்றின் முதுகில் ஒன்று மிதித்து, கண் பிதுங்கி, மனிதக் குழந்தை வீரிடுகிற மாதிரி வீரிட்டுக்கொண்டு விளிம்பைத் தாண்டி வாழைக்குள் கொட்டின. ஊர் அரிவாளோடும் கடப்பாரையோடும் மண்வெட்டியோடும் ஓடியது. யார் கண், யார் கை? ஒருவரும் 'போடு' என்று சொல்லவில்லை, ஒருவரும் 'விடு' என்று சொல்லவில்லை, எதிரே வந்ததை எல்லாரும் வெட்டினார்கள். குட்டிகளை மிதித்தே கொன்றார்கள். சினைகளின் வயிறு கிழிந்து உள்ளே இருந்தவை சேற்றில் விழுந்து துடித்தன. டீக்கடை வைரவனின் தொடையில் ஒரு கொம்பன் பன்றி கோரைப்பல்லை ஏற்றி முழங்கால்வரை கிழித்துப்போட்டது, அவன் ரத்தம் முழுக்க வடிகிறவரை வரப்பில் உட்கார்ந்து, கடையில் அடுப்பை யாராவது அணையுங்களப்பா என்று சொல்லிக்கொண்டே செத்தான். அந்த விளிம்பில் எதிர்மலைக்காரர்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருந்தது.

முடிந்தபோது சொந்தக்காரன் இல்லாத தலைகள் குவியலாகக் கிடந்தன. இவ்வளவு பாவத்தை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஈரலை நாய்களுக்குப் போட்டார்கள், நாய்கள் மோந்துவிட்டு விலகிப்போயின. மொக்கராசு தலைமுதல் கால்வரை ரத்தமாக வீட்டுக்கு வந்து, குளிக்காமல், கைகூடக் கழுவாமல், தட்டை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டான். முப்பது வருசத்தில் செவனம்மா தன் புருசனைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவள் கண்ணாடியின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எதிர்மலை களத்துமேட்டுக்கே வந்துவிட்டது. தவசி வீட்டு வாசலுக்கும் இவர்கள் களத்துக்கும் நடுவே ஆள் நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு மட்டும் மிச்சம், அதற்கு அடி தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் குழம்பு வாசனை இந்தப் பக்கம் வந்தது. தவசி வழக்கம்போல வாசலில் நின்று பல் தேய்த்தான், ஓடவில்லை, ஒளியவில்லை.

மொக்கராசு துப்பாக்கியோடு வந்து நின்றான். "பாத்துச் சொல்லு."

"இன்னும் தெளியல," என்றாள் செவனம்மா, வேறு வார்த்தை வாயில் வராமல்.

மொக்கராசு சிரித்தான். "குச்சியக் கடிக்கிற சத்தம் காதுல விழுது. இன்னும் தெளியலையாடி உனக்கு?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "விடு."

"என்ன சொன்ன?"

"கண்ணு சொல்லுது. விடுங்க. தொவக்கக் கீழ எறக்குங்க."

"நேத்து அத்தனையும் வெட்டுனமே," என்றான் மொக்கராசு, "எந்தக் கண்ணக் கேட்டு வெட்டுனோம்?" துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான்.

அப்போது நாச்சியா வாசலுக்கு வந்தாள். சுவரைத் தடவவில்லை. நேராக நடந்து அப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்று துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். வெளிச்சம் பழகாமல் கண்ணில் நீர் கொட்டியது.

"ஐயா, எங்கப்பா வெறுங் கைதான். கண்ணு நானு. பனியில கறுப்பாக் குனிஞ்சிருந்துச்சு, பன்னின்னு நெனச்சேன். நாந்தான் போடுன்னு சொன்னேன்."

"ஏய், உள்ள போ!" என்று அலறினான் தவசி.

மொக்கராசின் துப்பாக்கி முனை தவசியின் மார்பிலிருந்து அவளுடைய கழுத்துக்கு நகர்ந்தது. அது அவனுக்கு நியாயமாகத்தான் இருந்திருக்கும். இத்தனை காலம் தவறான ஆளைத் தேடியிருக்கிறோம் என்றுதான் அவன் முகம் சொன்னது. அவ்வளவு நீளமான துப்பாக்கி, வெடிப்புக்கு மேலாக நீண்டு எதிர்வாசலுக்குள் போயிருந்தது. தவசி பாய்ந்து அதன் முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெஞ்சுக்கு இழுத்தான். வெடித்தது. தவசியின் முதுகு திறந்து அவன் வீட்டு வெள்ளைச்சுவர் முழுக்கத் தெறித்தது. செத்த பிறகும் பிடியை விடாத அந்தக் கைகள் பின்னால் சாய்ந்தபோது, துப்பாக்கியோடு மொக்கராசையும் முன்னால் இழுத்தன. அவன் கால் தடுமாறி வெடிப்புக்குள் இறங்கினான்.

முழுக்க விழவில்லை. அக்குள்வரை இறங்கி, ஒரு முழங்கை இந்த மலையிலும் ஒரு முழங்கை அந்த மலையிலுமாகத் தொங்கினான். தவசியின் பிடி தளர்ந்து துப்பாக்கி எதிர்வாசல் விளிம்பில் கிடந்தது, கைக்கு எட்டியது. அதை இழுத்தான். மார்போடு அணைத்து அடுத்த குண்டை ஏற்றினான். கீழே எங்கோ ஒரு வேரில் கால் அகப்பட்டது, மெல்ல உடம்பு மேலே எழும்பியது. நாச்சியா அப்பன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, ஓடவேண்டும் என்கிற புத்தியே இல்லாமல், திறந்த கண்களோடு அவனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"செவனம்மா, கையக் குடு," என்றான் மொக்கராசு. "இந்தக் குட்டியையும் முடிச்சிட்டு வாரேன்."

கையைக் கொடு என்பதோடு நிறுத்தியிருந்தால் கொடுத்திருப்பாள். அந்தக் கையைத்தான் முப்பது வருசமாகப் பிடித்திருந்தாள். மகனைப் புதைத்த அன்றைக்கு அவள் குழிக்குள் குதிக்கப் போனபோது பின்னால் இழுத்துப் பிடித்ததும் அந்தக் கைதான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அதன் நகக்கண்ணில் நேற்றைய ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்தாள், பிறகு எதிர்வாசலைப் பார்த்தாள்.

"கண்ண மூடு தாயி," என்றாள் நாச்சியாவிடம். "நான் சொல்றவரைக்கும் தொறக்காத."

நாச்சியா மூடிக்கொண்டாள்.

செவனம்மா சாக்கை உருவி எறிந்துவிட்டுக் குழாயில் கண்ணை வைத்தாள். அவ்வளவு கிட்டே எதுவும் தெரியவில்லை, தவசி வீட்டுச் சுவரின் வெள்ளையும் அதில் வழிந்த சிவப்பும் ஒன்றோடொன்று குழம்பி ஆடின. அவள் கண்ணை எடுக்கவில்லை. காலடியில் தரை அசைந்தது. மொக்கராசு முதலில் அவளைத் திட்டினான், அப்புறம் அவள் பெயரைச் சொன்னான், அப்புறம் கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதற்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. "போடு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சை மூங்கில்கள் வரிசையாக முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது நின்ற பிறகும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மலையும் ஒட்டிக்கொண்டன. ஊர் ஓடி வந்து, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல், தையல் போட்ட மாதிரி சிவந்து கிடந்த கோட்டைச் சுற்றி நின்றது. செவனம்மா அந்தக் கோட்டைத் தாண்டிப்போய் நாச்சியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"அத்தை," என்றாள் நாச்சியா, "அது என்ன சத்தம்? யாரு சுட்டாக?"

"யாரும் சுடல தாயி," என்றாள் செவனம்மா. "நான் பாத்தேன்."